தேதி இல்லாத காயம்

பட்டாலியனில் நான் கிளார்க். கல்யாணம், குழந்தை பிறந்தது, லீவு, கோர்ஸ், பிரமோஷன் என்று ஒரு ஜவானின் வாழ்க்கையில் எது நடந்தாலும் அது பார்ட் டூ ஆர்டரில் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் ராணுவத்தைப் பொறுத்தவரை அது நடக்கவே இல்லை. அப்படி எத்தனையோ ஆர்டர்களை டைப் அடித்திருக்கிறேன். முட்டி தேய்ந்ததாக ஒருவனுக்கும் அடித்ததில்லை.

பள்ளத்தில் விழுந்து கால் உடைந்தால் ஐஏஎஃப்ஒய் 2006 என்றொரு படிவம் உண்டு. எந்தத் தேதி, எந்த இடம், டூட்டியில் நடந்ததா என்பதெல்லாம் எழுத்தில் வந்து கோப்பில் சேர்ந்துவிடும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும் மூட்டுக்கு எந்தத் தேதியைப் போடுவது? டிரில் மைதானத்தில் முழங்காலை இடுப்பு வரை தூக்கிக் குதிகாலால் தரையை அறைய வேண்டும். அறைந்த சத்தம் சரியாக வராவிட்டால் டிரில் உஸ்தாத், அதாவது பயிற்சியாளர், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார். துப்பாக்கியும் சுமையுமாக ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். 9 அடி பள்ளத்தைத் தாண்டும் பரீட்சை. மார்ட்டர் பிளட்டூன்காரர்கள் 81 எம்எம் மார்ட்டரின் அடித்தட்டை முதுகில் கட்டிக்கொண்டு காஷ்மீர் மலையில் ஏறுவார்கள். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முட்டி அதிகம் வாங்கும். பதினேழு, பதினெட்டு வயதில் கல்லைப் போல் இருந்த கால்கள் அவை. சேரும்போது டாக்டர்கள் தட்டிப் பார்த்து, உட்கார வைத்து, எழ வைத்து, தேறியதாக எழுதித்தான் எடுத்தார்கள்.

வலி வந்தால் டாக்டரைப் பார்க்க யூனிட்டிலேயே எம்ஐ ரூம் இருந்தது. ஆனால் சிக் ரிப்போர்ட் போவதை அப்போது யாரும் மரியாதையாக நினைக்கவில்லை. கம்பெனியில் பத்துப் பேர் முன்னால், 'மறுபடியும் இவனா?' என்ற பார்வையைத் தாங்க வேண்டும். அதைவிடப் பெரிய பயம் மெடிக்கல் கேட்டகிரி. முழுத் தகுதி என்னும் ஷேப்-1இலிருந்து இறங்கிவிட்டால் பிரமோஷன் நிற்கும், சர்வீஸ் நீட்டிப்பு கிடைக்காது. அதனால் பெட்டியில் ஒரு பட்டை புரூஃபன், முட்டியைச் சுற்றி ஒரு கிரேப் பேண்டேஜ், அதன்மேல் பேன்ட். நல்ல சிப்பாய்கள் அப்படித்தான் இருந்தார்கள். கமாண்டர்களும் அவர்களைத்தான் பாராட்டினார்கள்.

இருபது, இருபத்திரண்டு வருடம் கழித்து அதே சிப்பாய் ரிலீஸ் மெடிக்கல் போர்டு முன்னால் உட்காருவார். எக்ஸ்ரேயில் தேய்மானம் பளிச்சென்று தெரியும். அதற்குமேல் படிவத்தில் கேள்விகள் வரும்: எப்போது தொடங்கியது, எங்கே தொடங்கியது, சிகிச்சை எடுத்த பதிவு உண்டா? வாய் திறக்காமல் உழைத்தவரின் கோப்பு காலியாக இருக்கும். சர்வீஸால் வந்ததும் அல்ல, சர்வீஸால் அதிகமானதும் அல்ல என்று போர்டு எழுதிவிடும். இந்த வாசகத்தின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து எங்கள் ஆட்கள் இதை 'நானா போட்டுட்டாங்க' என்பார்கள். சில மாதத்தில் ஒரு பக்கக் கடிதம் வீட்டுக்கு வரும். உடல்வாகினால் வந்த நோய், டிசபிலிட்டி பென்ஷன் கிடையாது.

எனக்கு இன்றும் ஆறாதது ஒன்று உண்டு. சிப்பாய்க்குச் சாதகமான விதி அன்றைக்கே இருந்தது. 1982ஆம் வருடப் பென்ஷன் தகுதி விதிகளில் எல்லாம் எழுதியிருக்கிறது. சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லையென்றால் அவர் ஆரோக்கியமாகத்தான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு கேட்பவருடையது அல்ல. சந்தேகம் வந்தால் அதன் பலன் அவருக்கு. ஃபீல்டில் இருந்தவருக்கு இன்னும் தாராளமாக. பின்னிணைப்பில், பயிற்சி, மார்ச், நெடுநேரம் நிற்றல் ஆகியவற்றால் பாதிக்கப்படும் நோய்கள் என்ற தலைப்பின் கீழ் முழங்கால் மூட்டின் உட்கோளாறும், முதுகெலும்பு, கால் மூட்டுத் தேய்மானமும் பெயர் சொல்லியே வரிசையில் நிற்கின்றன. அந்தப் பக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே 'உடல்வாகு' என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். எத்தனை ஹவில்தார்கள் அந்தக் கடிதத்தை மடித்து டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டு, வங்கி வாசலிலும் ஏடிஎம் வாசலிலும் செக்யூரிட்டி வேலைக்கு நிற்கப் போனார்கள்! அதே முட்டியோடு, அதுவும் நின்றுகொண்டே செய்யும் வேலைக்கு.

அன்றைக்கு மேல்முறையீடு தள்ளுபடியானால் ஹைகோர்ட்தான் கதி. வக்கீல் ஃபீஸை நினைத்தே பலர் விட்டுவிட்டார்கள். 2007இல் ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம் வந்து, சென்னையிலும் ஒரு கிளை அமைந்த பிறகு வழி கொஞ்சம் திறந்தது. 2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த 1982 விதிகளை வரி வரியாக எடுத்து வைத்துப் பேசியது. அவர் சிக்னல்ஸ் பிரிவுச் சிப்பாய்; வலிப்பு நோயால் அனுப்பப்பட்டவர். முட்டிக்கும் அவர் வழக்குக்கும் சம்பந்தமில்லை. ஆனால் காரணம் எழுதாமல் போர்டு கைவிரிக்க முடியாது என்று அந்தத் தீர்ப்பு சொன்னதில் மூட்டுக்காரர்களுக்கும் உயிர் வந்தது. 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கு. காலம் முடிந்து ஓய்வுபெற்றவருக்கும் 20 சதவீத ஊனத்தை 50ஆக முழுமையாக்கிக் கணக்கிட வேண்டும் என்றது.

இப்போது பென்ஷன் ஸ்பர்ஷ் தளத்தில் வருகிறது. தீர்ப்புகளைப் பேரப்பிள்ளைகள் போனில் எடுத்துக் கொடுக்கிறார்கள். இருந்தாலும் தாமதமாகக் கேட்டவருக்குப் பெரும்பாலும் மூன்று வருட நிலுவைதான். மீதி வருடங்கள் போனது போனதுதான்.

வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அதற்கு அடுத்த ஒரு ஊரில் என்னோடு சர்வீஸ் செய்த ஹவில்தார் ஒருவர் இருக்கிறார், மார்ட்டர் பிளட்டூன்காரர். இரண்டு முட்டியும் வளைந்துவிட்டன. திண்ணையிலிருந்து எழ ஒரு கை சுவரில், ஒரு கை தொடையில். போர்டு அவருக்கு 20 சதவீதம் போட்டது. கூடவே, நோய் தொடங்கியது அமைதிப் பகுதியில், ஆகவே சர்வீஸுக்குத் தொடர்பில்லை என்றும் எழுதியது. கோப்பைப் புரட்டினேன். முதல் சிகிச்சைப் பதிவு அமைதிப் பகுதி ஆஸ்பத்திரியில்தான். அதற்கு முந்தைய இரண்டரை வருடம் அவர் மலைமேல் இருந்திருக்கிறார்.

"அங்கேயே வலி இருந்துச்சா?"

"இல்லாம என்னண்ணே? அங்க சொல்லியிருந்தா கீழ அனுப்பிடுவாங்க. நாயக்காவே நின்னிருப்பேன்."

உள்ளே இருந்து அவர் மனைவி வந்தார். "கிளார்க்கண்ணா, அவரு யார்கிட்டயும் சொல்லலன்னு சொல்லாதீங்க. எனக்கு எழுதினாரே!"

துணிப்பையில் இன்லேண்ட் லெட்டர்களைக் கட்டி வைத்திருந்தார். நீலம் வெளுத்து, மடிப்பில் கிழிந்த தாள்கள். ஒவ்வொன்றாகப் பிரித்தோம். பையனின் பள்ளிக்கூட ஃபீஸ், மாட்டுக்கடன், அம்மாவின் கண் ஆபரேஷன் எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு கடிதத்தில் இரண்டு வரி. பனி அதிகம், ராத்திரி வலது முட்டி வீங்கித் தூக்கம் இல்லை, வரும்போது நல்லெண்ணெய்த் தைலம் காய்ச்சி வை என்று. மேலே 56 ஏபிஓ என்ற ராணுவத் தபால் முத்திரை. தேதி தெளிவாகவே விழுந்திருந்தது. அவர் மலையில் இருந்த இரண்டாவது குளிர்காலம்.

அவருக்காகத் தீர்ப்பாயத்துக்குத் தயார் செய்த மனுவில் போஸ்டிங் விவரம், எக்ஸ்ரே, 1982 விதிகளின் பின்னிணைப்பு ஆகியவற்றோடு அந்தக் கடிதத்தின் நகலையும் இணைத்திருக்கிறோம். அசலை வக்கீல் கேட்டார். அந்தம்மா தர மாட்டேன் என்றுவிட்டார். விசாரணை நாளில் தானே கொண்டுவந்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.