மாப்பிள்ளைக்கு ஒரு 'தி' குறையுது

வாங்க மாப்ளே, உக்காருங்க. சீனத்து ஆபீஸ்காரங்களுக்குக் கம்ப்யூட்டர் வழியா இங்கிலீஷ் சொல்லிக்குடுக்கிற வாத்தியாரு ஆயிட்டீகளாமே. நல்ல யோசனைதான். நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுத்தா உங்க இங்கிலீஷு எம்புட்டுன்னு ஒரு வாரத்துல தெரிஞ்சுபோகும். சீனத்துல யாரு கண்டா!

யாரோ ஒருத்தர் 'எஸ்டர்டே ஐ கோ டு பேங்க்'னு சொல்லிட்டாராம், நீங்க தலையில அடிச்சுக்கிட்டீகளாம். ஏன் மாப்ளே, எஸ்டர்டேன்னு முதல்லயே சொல்லிட்டாருல்ல? நேத்துன்னு சொன்ன பிறகு, போனது நாளைக்கா இருக்கும்? சீனத்து மாண்டரின்ல வினைச்சொல்லு காலத்துக்குத் தக்கன உருவம் மாறாது. நேத்துப் போனாலும் 'ச்சூ', நாளைக்குப் போனாலும் 'ச்சூ'. காரியம் முடிஞ்சுருச்சுன்னு காட்டணும்னா பின்னால 'லெ'ன்னு ஒண்ணைச் சேப்பாக. முன்ன எப்பவாச்சும் செஞ்சதுண்டுன்னா 'குவோ'. மத்ததெல்லாம் நேத்து, நாளைக்குங்கிற சொல்லு பாத்துக்கிரும்.

இங்கிலீஷு அப்படியில்ல. அது பழைய ஜமீன் கணக்குப்பிள்ளை மாதிரி, ஒரே வரவை ரெண்டு பேரேட்டுல ஏத்தச் சொல்லும். எஸ்டர்டேன்னும் சொல்லணும், வெண்ட்னும் சொல்லணும். த்ரீன்னும் சொல்லணும், புக்ஸ்னும் சொல்லணும். ஹீன்னு சொன்னாலே ஒருத்தன்தான்னு தெரியுது. அப்பவும் 'கோ' பத்தாது, 'கோஸ்' வேணும். ஐ, யூ, வீ, தே எல்லாத்துக்கும் சும்மா இருக்கிற வினை, ஹீ, ஷீ, இட் வந்தா மட்டும் ஏன் சீறுதுன்னு எந்தச் சீனத்துக்காரன் கேட்டாலும், நீங்க தொண்டையைக் கனைச்சுக்கிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருவீக. எனக்குத் தெரியும்.

அதுக்காக அவுகளைச் சோம்பேறின்னு நினைச்சுராதீக. மூணு புத்தகம்னு சொல்ல 'சான் பென் ஷூ'ம்பாக. நடுவுல நிக்கிற 'பென்' புத்தகத்துக்குன்னே உள்ள அளவுச்சொல்லு. காகிதம், மேசை, கட்டிலு மாதிரித் தட்டைச் சாமானுக்கு 'ஜாங்'. மீனு, ஆறு, ரோடு, கால்சட்டைக்கெல்லாம் 'தியாவ்'. ஆத்தையும் கால்சட்டையையும் ஒரே பந்தியில உக்காரவச்ச புத்தியைப் பாருங்களேன்! இத்தனையும் மனப்பாடமா வச்சிருக்கிறவனுக்கு ஒரு 'ஸ்' பாரமா? பாரமில்ல, தேவைன்னு தோணாது. எத்தனைன்னு 'சான்' சொல்லிருச்சு, என்ன வகைன்னு 'பென்' சொல்லிருச்சு, புத்தகம் எதுக்குச் சிரமப்படணும்? மனுசருக்கு மட்டும் 'மன்'னு ஒரு பன்மை உண்டு. அதுவும் எண்ணிக்கையைச் சொல்லிட்டா வராது.

சட்டம் தெரியாமலும் இல்ல மாப்ளே. அங்க காலேஜு நுழைவுப் பரீட்சையில இங்கிலீஷுக்கு 150 மார்க்கு. கோடிட்ட இடத்துல 'வெண்ட்' எழுதச்சொன்னா உங்களை முந்தி எழுதிருவாக. வாயத் திறந்து பேசும்போதுதான் அது நழுவிருது. நீங்க என்னடான்னா மறுபடியும் கோடிட்ட இடத்தையே நீட்டுறீக. நேத்துச் சாயங்காலம் என்ன நடந்துச்சுன்னு கதை சொல்லச் சொல்லுங்க. குறுக்க பாயாம முழுசாக் கேளுங்க, பிறகு திருத்துங்க. உங்களுக்கு அது கஷ்டந்தான், வீட்டுலயே யாரையும் முழுசாப் பேசவிட மாட்டீகளே.

இதுல ஒண்ணை மட்டும் விட்டுறாதீக. அவன், அவ, அது மூணுக்கும் மாண்டரின்ல ஒரே ஓசை, 'தா'. எழுத்துல மட்டும் வேற வேற. பொம்பளைக்குத் தனி எழுத்தைப் புழக்கத்துக்குக் கொண்டாந்தவரு லியூ பன்னொங்னு ஒரு கவிஞரு, 1920 வாக்குல. காதுக்கு இன்னைக்கும் ஒண்ணுதான். நான் ஈப்போவுல மளிகைக்கடையில நின்ன காலத்துல, எங்க தவுக்கே, அதான் சீனத்து முதலாளி, தன் சம்சாரத்தை 'ஹீ'ன்னுதான் சொல்லுவாரு. அவரு பேசுறது கான்டனீஸு. அதுலயும் இதே கதைதான். 'ஹீ வெரி ஆங்கிரி'ன்னாருன்னா நாங்க வாசலைப் பாக்கமாட்டோம், அடுப்படிப் பக்கம் பாத்துட்டு ஓடுவோம். நடுவுல 'இஸ்' எங்கன்னு கேக்குறீகளா? கோவம், சந்தோசம், அழகு இதுக்கெல்லாம் அவுக மொழியில 'இஸ்' கிடையாது, 'வெரி'யே போதும். புதுசா வந்த கடைப்பையன் அந்த 'ஹீ'யை நம்பி யாரோ ஆம்பளைன்னு நின்னு வாங்கிக் கட்டிக்கிட்டான்.

இன்னொரு கூத்து. 'ஆல்தோ'ன்னு ஆரம்பிச்சா நடுவுல 'பட்' போட்டுத்தான் முடிப்பாக. 'பிகாஸ்'னா 'ஸோ'. அவுக மொழியில 'ஸுய்ரான்' வந்தா பின்னாலயே 'தான்ஷி' வரும், 'யின்வெய்'க்கு 'ஸுவோயி'. சோடியாத்தான் நடமாட்டம். எல்லாத்தையும் ரெண்டு தடவை ஏத்தச் சொன்ன கணக்குப்பிள்ளை இங்க வந்து, ஒண்ணு போதும், ரெண்டாவதை அடின்னு சிக்கனம் பேசுறான்! இதுக்கு அந்தாளுகளைத் திட்டுனா யாருக்கு அடுக்கும்?

'நீங்க கல்யாணத்துக்கு வரலையா'ன்னு கேட்டா நாம என்ன சொல்லுவோம்? 'ஆமா, வரல.' சீனத்துக்காரரும் அதேதான், கேட்டவன் சொன்னது சரின்னு 'துய்'ம்பாரு. இங்கிலீஷ்காரனுக்கு அங்க 'நோ' வேணும். 'யெஸ்'ஸுன்னா வர்றாருன்னு அர்த்தம். இந்தத் தப்புல நீங்களும் உங்க மாணவரும் பங்காளிக. போன மாசம் போன்ல உங்க மேனேஜருகிட்ட 'யெஸ் சார், நாட் ஃபினிஷ்டு'ன்னு நீங்க சொன்னதைத் திண்ணையில கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.

இலக்கணமில்லாமப் பிழைப்பு நடக்காதுன்னு மட்டும் பயங்காட்டாதீக. 1757-லருந்து 1842 வரைக்கும் கடல்வழியா வந்த ஐரோப்பாக்காரன் சீனத்துல கான்டன் துறைமுகத்துல மட்டுந்தான் யாவாரம் பண்ண முடியும். அங்க புழங்குன 'பிட்ஜின்'ங்கிற கலப்பு இங்கிலீஷ்ல 'தி' கிடையாது, 'கோஸ்' கிடையாது. தேயிலை மட்டும் கப்பல் கப்பலா லண்டனுக்குப் போச்சு. இப்ப என்னடான்னா, தெம்பா இருன்னு அவுக சொல்ற 'ஆட் ஆயில்'ஐ ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரனே 2018-ல சேத்துக்கிட்டான். அகராதி திறந்துதான் கிடக்கு, நீங்கதான் கதவச் சாத்துறீக.

ஆகக்கூடி, முதல்ல ஹீ-ஷீயைச் சரிபண்ணுங்க, அதுல ஆளே மாறிப்போகும். அடுத்து அந்த யெஸ்-நோ, அதுல பேரமே மாறிப்போகும். பிறகு காலம். இந்த 'எ', 'தி' ரெண்டையும் கடைசிக்கு வச்சுக்கிருங்க. அது சீனத்திலயும் இல்ல, தமிழ்லயும் இல்ல. பொங்கலுக்கு நீங்க அனுப்புன இங்கிலீஷ் வாழ்த்துல எத்தனை 'தி' காணாமப்போச்சுன்னு பேத்தி எண்ணிச் சொன்னா. விருந்துக்கு வந்தவர்கிட்ட அதைச் சொல்லக் கூடாது. மெதுவாப் போங்க மாப்ளே, அந்தப் பாடம் வர்றதுக்குள்ள நீங்களும் கத்துக்கிருவீக.