கால் நீட்டும் ஆசை

க்ரூஸர் பைக் வாங்கியவனுக்கு அடுத்த ஆசை காலை நீட்டுவது. நான் வாங்கிய மீட்டியர் 350-இல் இருக்கை உயரம் 765 மில்லிமீட்டர்தான். ஃபுட்ரெஸ்டும் கொஞ்சம் முன்னால் தள்ளியே இருக்கிறது. என்னைப் போன்ற ஐந்தேகால் அடி ஆளுக்கு அதுவே தாராளம். நான் கேட்டேனா? ஆறடி வெள்ளைக்காரர்கள் ஹார்லியில் காலைத் தூக்கிப் போட்டுப் போகும் படங்களாகப் பார்த்து, ஹைவே பெக் இல்லாத வாழ்க்கை ஒரு வாழ்க்கையா என்று முடிவுகட்டிவிட்டேன்.

கிராஷ் கார்டில் மாட்டும் குட்டி ஃபுட்ரெஸ்ட்தான் ஹைவே பெக். வாங்கும்போது பார்க்க வேண்டியது குழாயின் பருமன். ஹார்லிகளில் பெரும்பாலும் ஒன்றேகால் அங்குலம், அதாவது 32 மில்லி. நம்மூர் கார்டுகள் பல அதைவிட ஒல்லி. ஒரு நூலைச் சுற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் குரோம் பளபளப்பை மட்டும் பார்த்தேன். வந்த கிளாம்ப் குழாயில் வளையல் மாதிரி சுழன்றது.

புதுப்பேட்டை மெக்கானிக் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி, ஆலன் கீயால் இறுக்கிக் கொடுத்தார். "சும்மா கால் வைக்கலாம் சார். ஏறி நின்னுடாதீங்க."

ஈசிஆரில் கோவளம் தாண்டியதும் வைத்தேன். ராஜபோகம். பின் பிரேக்கிலிருந்து வலது கால் ஒரு முழம் தள்ளி இருப்பது, ஓர் ஆடு குறுக்கே வரும்வரை உறைக்கவில்லை. கால் பெடலைத் தேடித் துழாவியது. ஆடு என்னை நம்பாமல் தானே ஓடிவிட்டது. பின்னாலிருந்து மனைவி கேட்டார்: "ஏங்க, பிரேக் எங்க இருக்குன்னு ஞாபகம் இருக்குல்ல?"

அடுத்து வேகத்தடை. கால் வழக்கமான இடத்தில் இருந்தால் ஊன்றி லேசாக எழும்பிக்கொள்ளலாம். முன்னால் நீட்டியவனுக்கு அந்த வழி இல்லை; இடி நேராக வால் எலும்பில் இறங்கும். போதாததற்கு டியூப் வழுக்கி, இடது பெக் மெல்லத் தலைகவிழ்ந்தது. கால் நழுவாமலிருக்க முழங்காலை விறைத்துக்கொண்டே மாமல்லபுரம் வரை ஓட்டினேன். ஓய்வுக்காக நீட்டிய கால் அன்றைக்குப் பட்ட பாடு அதற்கு முன் பட்டதில்லை.

கழற்றினேனா என்றால், இல்லை. காசு போட்டாயிற்று. தவிர, நிறுத்தி வைத்திருக்கும்போது வண்டி பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. வாட்ச்மேன்கூட "கால் நீட்டவா சார்?" என்று விசாரித்தார். ஆமாம் என்று சொல்லும்போது கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். நிமிர்த்தியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

இப்போது இடுப்புக்காக ஒரு முதுகுச் சாய்மானம் தேடிக்கொண்டிருக்கிறேன். மனைவி இன்ச் டேப்போடு நிற்கிறார்.