பேராண்டி கொண்டுவந்த கேள்வித்தாள்

ஏண்டா பேராண்டி, இஞ்சினியரிங் படிக்கப் போனவனை மானிடவியல்லயும் ஒரு பாடம் எடுக்கச் சொல்லிட்டாங்களாமே? நல்லா வேணும் உனக்கு. கால்குலேட்டரைத் தட்டினா விடை வந்துடும்னு இருந்த பய, இப்ப கேள்வித்தாளைத் தூக்கிக்கிட்டு புந்தோங் வரைக்கும் வந்து தாத்தன் வாயைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கே.

குடு பாப்போம். மூணு கட்டம் போட்டிருக்கே. ‘தொழில்நுட்பம்’: உளி, பால் வடியுற மங்கு, பால் தூக்குற காண்டா வாளி. ‘சமுதாயம்’: துரை, கணக்கெழுதுற கிராணி, வேலை மேய்க்கிற தண்டல், தொழிலாளி. ‘கலாசாரம்’: மாரியம்மன் திருவிழா, தீமிதி, உறுமி மேளம். கோடெல்லாம் ஸ்கேல் வச்சுக் கிழிச்சிருக்கே போல. ரப்பர் தோட்டத்துல அந்தக் கோடு எந்தப் பக்கமா ஓடுச்சுன்னு மட்டும் காட்டிடு சாமி, மிச்சத்தை நானே நிரப்பித் தர்றேன்.

முதல் கட்டத்துல உளி இருக்கா? சரி. பட்டையை இடப்பக்கம் மேல ஆரம்பிச்சு வலப்பக்கம் கீழே இறக்கிச் சீவணும். மரத்துக்குள்ள பால் குழாய் நேரா நிக்காது, லேசாச் சாஞ்சிருக்கும். இப்படிச் சீவினாத்தான் நிறையக் குழாய் அறுபடும். அதுக்காக ஆழமாவும் போயிடக்கூடாது. உள்ளே ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குப் பட்டையை விட்டு வைக்கணும். அதைத் தாண்டினா மரத்துக்குக் காயம், நமக்கு ஏச்சு. மரத்தைச் சாகடிக்காம திரும்பத் திரும்பப் பால் எடுக்கிற வழியைக் கண்டுபிடிச்சவர் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்து ரிட்லி துரை, 1890-கள்ல. கண்டவங்ககிட்டயெல்லாம் ரப்பர் நடுங்க, ரப்பர் நடுங்கன்னு விதையை நீட்டிக்கிட்டே திரிஞ்சதால பைத்தியக்கார ரிட்லின்னு பேரு வாங்கினவர். நூறு வயசு வாழ்ந்து 1956-ல போய்ச் சேர்ந்தாரு. வழி அவருது, ஒத்துக்கிறேன். நெத்தி விளக்கு வெளிச்சத்துல, கொசு காதைப் புடுங்கும்போது அந்த ஒரு மில்லிமீட்டரை விட்டு வச்ச கை யாருது? அதுக்கு எந்தக் கட்டம்?

வெயில் ஏறினா மரத்துக்குள்ள அழுத்தம் குறைஞ்சு பால் சுணங்கிப்போகும். அதனால இருட்டோட பெரட்டுல பேர் குடுக்கணும், இருட்டோட காடு. அம்மா காட்டுக்குப் போறதால குழந்தை தூக்கக் கலக்கத்தோட ஆயாக் கொட்டாய்க்குப் போகும். மழை பெய்ஞ்சா வெட்டு இல்லை, அன்னிக்குக் கூலிக்கும் துண்டு விழும். வானம் வெளுக்கணும்னு மாரியம்மனை வேண்டிக்கிட்ட ஒரே தமிழ்க் கூட்டம் நாமளாத்தான் இருக்கும். ஊர்ல நம்ம பாட்டன் பூட்டன் அவகிட்ட மழை கேட்டு நின்னவங்க. மரத்தோட குணம் முதல் கட்டம்னா, இந்த வேண்டுதல் மூணாவது கட்டம். உன் ஸ்கேலை இப்ப எங்கே வைப்பே?

போன வாரம் உன் பாடத்தை எனக்கு வாசிச்சுக் காட்டிக்கிட்டே நீ தூங்கிட்டே. நான் தூங்கலை. மார்செல் மோஸ்னு ஒரு பிரெஞ்சு வாத்தியார், 1934-ல பேசினது. முதல் உலகப் போர்ல இங்கிலீஷ் பட்டாளத்துக்குப் பிரெஞ்சு மண்வெட்டி கைக்குப் படியலையாம். ஒரு பட்டாளம் போய் இன்னொண்ணு வந்தா டிவிஷனுக்கு 8,000 மண்வெட்டியை மாத்த வேண்டியிருந்துச்சாம். கருவி பாதி, பழகின உடம்பு பாதின்னு அந்த மனுசனுக்குத் தெரிஞ்சிருக்கு. எங்க தோட்டத்துல நாங்க சீவின பட்டையை அளக்க வந்த ஐயாவுக்கு அது தெரியலை.

இன்னொரு கருவியை நீ விட்டுட்டே. மெட்ரோலாக். பாலுக்குள்ள மிதக்கவிட்டா ரப்பர் எவ்வளவு, தண்ணி எவ்வளவுன்னு காட்டுற கண்ணாடிக் குழாய். அது பொய் சொல்லாது, சத்தியம். ஆனா குனிஞ்சு அதைப் பாக்குறது கிராணி. வெயில்ல வரிசையில நிக்கிறது நாங்க. அவர் சொன்ன நம்பர்தான் நம்பர். எட்டிப் பாக்க நமக்கு அனுமதி இருந்துச்சான்னு கேளு, மெட்ரோலாக் எப்படி வேலை செய்யுதுன்னு அப்பத்தான் உனக்குப் புரியும்.

நீ கோலகங்சார் போயி, ஹியூ லோ துரை 1877-ல நட்ட ரப்பர் கன்னுல மிஞ்சின மரத்துக்கிட்ட நின்னு படம் எடுத்துப் போட்டதையும் பாத்தேன். நல்லா இருந்துச்சு, முடி மட்டும் வெட்டிக்கோ. மரத்தைப் பாத்தது போதும், பத்துகாஜாவுல கெல்லி கோட்டைக்குப் போ. வில்லியம் கெல்லி ஸ்மித், ஸ்காட்லாந்துக்காரர், தோட்ட முதலாளி. மாளிகை கட்ட மெட்ராஸ் பக்கத்துலேர்ந்து ஆள் கொண்டாந்தாரு. விஷக்காய்ச்சல் வந்து வேலையாளுங்க கொத்துக்கொத்தாச் செத்தாங்க. கோயில் கட்டுங்க துரை, இல்லேன்னா ஆத்தா விடமாட்டான்னு நம்ம ஆளுங்க சொல்ல, அவரும் கட்டிக் குடுத்தாருன்னு பெரியவங்க சொல்லுவாங்க. மாளிகையில லிப்டு வைக்கணும்னும் அவருக்கு ஆசை. 1926-ல லிஸ்பன்ல போய்ச் செத்துட்டாரு. லிப்டும் வரலை, மாளிகையும் முடியலை. லிப்டுக்கு விட்ட ஓட்டையைச் சுற்றுலாக்காரன் இன்னிக்கும் காசு குடுத்து அண்ணாந்து பாக்குறான். கோயில் மட்டும் முடிஞ்சு, பூசையும் நடந்துச்சு. கூரை மேல சாமிங்களோட சாமியா, கோட்டும் தொப்பியும் போட்டு ஒரு துரை பொம்மை! லிப்டு இல்லாமலே மனுசனை மேல ஏத்திவிட்டவன் நம்ம ஸ்தபதி. நீ இஞ்சினியர், சொல்லு, அங்கே உருப்படியா முடிஞ்ச வேலை எது?

சிரிக்காதே, கருவியையும் மனுசனையும் சேர்த்துப் பாத்தவங்க படிச்சவங்கள்லயும் உண்டு. ப்ரையன் பாஃபன்பர்கர்னு ஒரு அமெரிக்கர். யாழ்ப்பாணத்துச் சாதியைத் தோண்டிப் படிச்சு 1982-ல புத்தகம் போட்டாரு. அப்புறம் வர்ஜீனியாவுல இஞ்சினியரிங் பிள்ளைங்களுக்கே வாத்தியாராகி, 1992-ல தொழில்நுட்பத்தைப் பத்தின மானிடவியல் கட்டுரை எழுதினாரு. யாழ்ப்பாணத்துக் கிணத்துல யார் தண்ணி மொள்ளலாம், யார் மொள்ளக்கூடாதுன்னு பாத்துப் பழகின கண்ணுக்கு மெஷினைப் பாக்குறதா கஷ்டம்? யார் தொடலாம், யார் கழுவணும், கெட்டுப்போனா யார் தலையில விழும்... கேள்வி அதேதான். பக்கத்துக் கெடாவுல ஜேம்ஸ் ஸ்காட் குடியிருந்து 1985-ல எழுதினதையும் தேடிப் படி. நெல்லறுக்கிற மெஷின் வந்துச்சு. அதைக் கூப்பிட்டவன் வயல்ல நாத்து நட மாட்டோம்னு பொம்பளைங்க ஒதுங்கிப் பாத்தாங்க. ஜெயிக்கலை. ஆனா மெஷின் பாட்டுக்கு வந்துச்சு, போச்சுன்னு நீ எழுதுறியே, அப்படியும் நடக்கலை.

இங்கே ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டான். செம்பனைக்கு விடியக்காலை எல்லாம் வேண்டாம், இத்தனை ஆளும் வேண்டாம். பெரட்டு போச்சு, குடியிருந்த லயம் போச்சு, நாங்க தாமான் வீட்டுக்கும் அடுக்குமாடிக்கும் வந்தோம். பயிர் மாத்தம்னு ஒரு வரியில எழுதிடுவே நீ.

கடைசியா ஒண்ணு. குடும்பத் தலைவர்னு போட்டு என்கிட்ட கையெழுத்துக் கேக்குறியே, எங்க நெரையில என்னைவிடச் சுத்தமா மரம் சீவினவ உன் பாட்டி. அவளைக் கேக்க உன் தாள்ல இடமே இல்லை. போய்க் கேளு. ஆனா பேனாவோட போகாதே, கையில வேலை இல்லாதவன்கிட்ட அவ பேசமாட்டா. அடுப்படியில ரெண்டு கிலோ வெங்காயம் கிடக்கு, உரிச்சுக்கிட்டே கேளு. உங்க வாத்தியாருங்க கூடவே இருந்து பாக்கணும்னு சொல்றாங்களே, அது இதுதான். கண்ணுல தண்ணி வந்தா அதையும் எந்தக் கட்டம்னு பாத்துப் போட்டுக்கோ.