மாப்ளே, சேதி கெடைச்சது, எல்லாத் தடவையும் கெடைச்சது

மாப்ளே, நீ அனுப்புன சேதி கெடைச்சதுய்யா. காலையில போட்டுக்காரங்க குரூப்புல ஒரு தடவை. கொஞ்ச நேரம் கழிச்சு ஊர்க்காரங்க குரூப்புல. அப்புறம் தனியா என் நம்பருக்கு. எதுக்கும் இருக்கட்டும்னு ஈமெயில்ல வேற. ராத்திரி உங்க அத்தை போனைத் திறந்தா அதுலயும் நீயே பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிற. அப்படி என்ன தலைபோற சேதின்னு கண்ணாடியைத் துடைச்சு மாட்டிப் படிச்சா, "நாளை ஜெட்டிக்கு சீக்கிரம் வரவும்". எந்த நாளை? எத்தனை மணி சீக்கிரம்? நம்ம நிலாம்பூர் ஜெட்டியா, அக்கரையில மிடில் ஸ்ட்ரெய்ட் ஜெட்டியா? அதை மட்டும் அஞ்சு இடத்துலயும் விடாம மறந்திருக்க. ஒரே தப்பை அஞ்சு தடவை அச்சு மாறாம பண்றதுக்கும் ஒரு ஒழுக்கம் வேணும்யா.

கோவிச்சுக்காதே. உன்னைச் சொல்லிக் குத்தமில்லை, அந்தமான்ல நம்ம பாராடாங் தீவுச் சிக்னல் அப்படி. சென்னையில இருந்து கடலுக்கடியில கேபிள் இழுத்து 2020 ஆகஸ்ட் 10ஆம் தேதி பிரதமர் திறந்து வச்சார். 2,300 கிலோமீட்டர் நீளம். போர்ட் பிளேர் (2024லேயே ஸ்ரீ விஜயபுரம்னு மாத்திட்டாங்க, என் வாய்தான் இன்னும் மாறலை), ஸ்வராஜ் தீவு, லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார், லாங் ஐலண்ட், ரங்கத்துன்னு எட்டு இடத்துல கரையேறுச்சு. பாராடாங் அந்தப் பட்டியல்ல இல்லை. வடக்கே ரங்கத்து, தெற்கே போர்ட் பிளேர், நடுவுல கையைப் பிசைஞ்சுக்கிட்டு நாம. ஜிர்காட்டாங் கேட்டைத் தாண்டி ஜாரவா காட்டுக்குள்ள வண்டிக் கான்வாய் நுழைஞ்சுட்டா, மிடில் ஸ்ட்ரெய்ட் வர்ற வரைக்கும் டிரைவர் சட்டைப் பையில போன் சும்மா கனம்தான். ஜெட்டிக்கு வந்ததும் சிக்னல் ஒரு கோடு எந்திரிக்கும். அப்பப் பாரு, வழியில தேங்கினதெல்லாம் பொலபொலன்னு கொட்டும். அதுல பாதி நீ.

இப்ப உன் விரலுக்கு வருவோம். வாட்ஸ்அப்புல சேதியை அனுப்புறே. பக்கத்துல குட்டியா ஒரு கடிகாரப் படம் நிக்குது. அதுக்கு அர்த்தம் என்ன? "சாமி, நான் வாங்கி வச்சிருக்கேன், சிக்னல் வந்ததும் போயிரும், நீங்க போய் வேலையைப் பாருங்க." அவ்வளவு மரியாதையா அது சொல்லுது. நீ என்ன பண்றே? அதை நம்ப மாட்டே. மறுபடி அதையே அடிச்சு அனுப்புறே. இன்னொரு கடிகாரம். மூணாவது. சிக்னல் வந்ததும் மூணு பிள்ளையும் ஒண்ணா வாசல்ல வந்து நிக்குது.

என் பேத்தி போர்ட் பிளேர்ல கம்ப்யூட்டர் படிக்கிறா. அவ ஒரு விஷயம் காட்டுனா. நான் தந்தி ஆபீசுல குப்பை கொட்டுன ஆளா, எனக்குச் சட்டுனு புரிஞ்சது. தந்தியில ஒவ்வொண்ணுக்கும் நம்பர் உண்டு. நாங்க இந்தப் பக்கம் கட்டுக்கட்டுன்னு அடிச்சு முடிச்சதும் அந்தப் பக்கத்து ஆள் 'ஆர்'னு ஒத்தை எழுத்து தட்டுவான். வாங்கிட்டேன்னு அர்த்தம். அந்த 'ஆர்' வர்றதுக்குள்ள லைன் அறுந்து போச்சுன்னா இருக்கு பாரு, அதான் தலைவலி. அவன் கையில சேதி இருக்கு, ஆனா இருக்குன்னு எனக்குத் தெரியாது. நான் மறுபடி அடிப்பேன். தொலையுறதை விட ரெண்டு தடவை போறது மேல்னுதான் எல்லாரும் அடிப்போம். நம்பரைப் பார்த்து அவன் ரெண்டாவதை ஓரம் கட்டுவான். 2013 ஜூலையில தந்தியையே மூடிட்டாங்க, நம்பரும் போச்சு, 'ஆரு'ம் போச்சுன்னு நெனச்சேன்.

போகலையாம். ஈமெயிலுக்குள்ளயும் அதே கூத்துதான்னு பேத்தி சொல்றா. அனுப்புற கம்ப்யூட்டர் கடுதாசி முழுக்க ஒப்பிச்சுட்டு, கடைசியில ஒரு வரியில ஒத்தைப் புள்ளி வைக்குமாம். வாங்குறது "250, சரி"ன்னு சொல்லணும். வாங்குனவன் உடனே சொல்லாம, "இரு, இதை யார் யாருக்குப் பிரிச்சுக் கொடுக்கணும்னு பார்த்துட்டு வர்றேன்"னு உள்ள போயிட்டான்னா, வெளிய நிக்கிறவன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டு, போய்ச் சேரலைன்னு முடிவுகட்டி மறுபடி முதல்ல இருந்து ஒப்பிப்பான். பத்துப் பேருக்குப் போக வேண்டியது பத்துப் பேருக்கும் ரெண்டாப் போகும். கிரெய்க் பார்ட்ரிட்ஜ்னு ஒருத்தர் 1988 பிப்ரவரியிலேயே இதை உக்காந்து எழுதி வச்சுட்டார். அந்தக் குறிப்புக்கு 1047னு நம்பர். அவர் சொன்ன வைத்தியம் சின்னது: கடுதாசியை வாங்குனதும் முதல்ல "கெடைச்சது"ன்னு சொல்லு, பிரிக்கிறது கொடுக்கிறதெல்லாம் அப்புறம் வச்சுக்கோ.

நம்ம போட்டுக்காரங்க யாராவது "கெடைச்சது"ன்னு சொல்றாங்களா? ஒருத்தன் கையெடுத்துக் கும்பிடுற படம் போடுவான். ஒருத்தன் ரோஜாப்பூ. இன்னொருத்தன் "குட் மார்னிங்" போட்டு சூரியனை ஏத்தி வைப்பான். இதுல எது 'ஆர்'? உனக்கும் தெரியாது. அதனால நீயும் மறுபடி அனுப்புற. அப்பப் பாதிக் குத்தம் வாங்குறவன் தலையில. சந்தோஷமா?

ரொம்பச் சந்தோஷப்படாதே. மீதிப் பாதி இருக்கு.

ஒவ்வொரு ஈமெயிலுக்கும் ஒரு அடையாள நம்பர் உண்டாம். 1982லேயே விதி எழுதிட்டாங்க. ஜிமெயில்ல "ஷோ ஒரிஜினல்"னு ஒரு இடத்தை அமுக்கினா மொத வரியிலேயே நிக்குது. கோழி கிளறுன மாதிரி எழுத்தும் எண்ணும், நடுவுல ஒரு '@'. இது எதுக்குன்னு கேட்டேன். நம்ம மொய் நோட்டை நெனச்சுக்கோ. உன் கல்யாணத்துல ரெண்டு முருகேசன் மொய் எழுதுனாங்க, ரெண்டும் 501. தொகை ஒண்ணு, பேர் ஒண்ணு, ரெண்டாவது வரி தப்பா விழுந்துச்சுன்னு அடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்? ஒருத்தர் வாடிப்பட்டி, ஒருத்தர் பரமக்குடி. பரமக்குடிக்காரர் இன்னிக்கு வரைக்கும் உன் வீட்டுப் பக்கம் வந்திருக்க மாட்டார். ஊர் பேரையும் சேர்த்துப் பார்த்துத்தான் எது ரெட்டை, எது ரெண்டு பேர்னு நோட்டு எழுதுறவர் முடிவு பண்றார். கம்ப்யூட்டரும் அப்படித்தான்: உள்ள என்ன எழுதியிருக்குன்னு பார்க்காது, நம்பரைப் பார்க்கும். ஒரே நம்பர்ல ரெண்டு வந்தா ஒண்ணை ஓரமா வச்சிரும்.

இங்கதான் உன் திருவிளையாடல். மெஷின் தானா ரெண்டாவது தடவை அனுப்புறப்ப பழைய நம்பரோடயே அனுப்பும், அதனால இன்னொரு மெஷின் அதைக் கண்டுபிடிச்சிரும். நீ உன் கட்டைவிரலால மறுபடி அடிச்சு அனுப்புற பாரு, அதுக்குப் புது நம்பர். எந்த மெஷினும் அதை ரெட்டைன்னு பிடிக்காது. கடிகாரத்துக்கு விட்டிருந்தா ஒரு சேதி. நீ உதவி பண்ணுனதால மூணு.

அதோட, பதில் போடுறப்ப ஆளுக்கும் ஒண்ணு குரூப்புக்கும் ஒண்ணுன்னு விடுறியே, அது மரியாதைன்னு நெனச்சுக்கிட்டிருக்க. கேட்டவன் குரூப்புலயேதான்யா உக்காந்திருக்கான்! குரூப்புல கேட்டா குரூப்புல சொல்லு. சம்பளக் கணக்கு மாதிரி ரகசியம்னா ஆளுக்கு மட்டும் சொல்லு. "எல்லாருக்கும் பதில்"னு ஒரு பொத்தான் இருக்கே, அதை அமுக்குறதுக்கு முன்னாடி ஒரு வாய்த் தண்ணி குடி. இங்கிலாந்துல அரசாங்க ஆஸ்பத்திரி நிர்வாகத்துல 2016 நவம்பர் 14ஆம் தேதி யாரோ ஒரு பரீட்சார்த்த மெயில் விட்டாங்க. அது தெரியாத்தனமா 8,40,000 பேருக்குப் போயிருச்சு. அத்தோட விட்டிருந்தா ஒண்ணுமில்லை. "என்னை ஏன் சேர்த்தீங்க"ன்னு எல்லாருக்கும் பதில், "எல்லாருக்கும் பதில் போடாதீங்க"ன்னு எல்லாருக்கும் பதில். டாக்டருங்க மெயிலே திறக்க முடியாம திணறிப் போனாங்க. படிச்ச ஜனம்தான் எல்லாம். நீ மனசைத் தளர விடாதே.

சிரிச்சது போதும். நம்ம ஊர்ல இது சிரிப்போட நிக்காது.

2004 டிசம்பர் 26. பூமி ஆடுனது உனக்கு ஞாபகம் இருக்காது, சின்னப் பயல். வானிலைத் துறைக்காரங்க அன்னிக்குக் காலையில மந்திரிக்கு ஃபேக்ஸ் அனுப்புனாங்களாம், அது முந்தின ஆட்சியில அந்தத் துறையில இருந்தவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துச்சுன்னு பத்திரிகையில எல்லாம் வந்துச்சு. ஆட்சி மாறி மாசக்கணக்காச்சு, பட்டியல் மாறலை. நாலு நாள் கழிச்சு, டிசம்பர் 30ஆம் தேதி, அமெரிக்காவுல ஒரு தனியார் கம்பெனி சொன்னதை வச்சு உள்துறையில இருந்தே "மறுபடி சுனாமி வரலாம்"னு எச்சரிக்கை. கரையில பாக்கி இருந்த சனமும் அலறிப் புடைச்சு ஓடுச்சு. அலை வரலை. நெசமான சேதி தப்பான வீட்டுக்குப் போச்சு, பொய்யான சேதி ஒரு வீடு விடாமப் போச்சு.

அதுக்கப்புறம்தான் 2007 அக்டோபர்ல ஐதராபாத்துல இன்காய்ஸ் நிறுவனத்துல சுனாமி எச்சரிக்கை மையம் வச்சாங்க. அவங்க அறிவிக்கையைக் கையில எடுத்துப் பாரு. இது எத்தனையாவதுன்னு நம்பர், என்ன தேதி, என்ன மணி எல்லாம் இருக்கும். புயல் அறிவிக்கையும் அப்படித்தான். ஏன்னு கேளு. 2012 ஏப்ரல் 11ஆம் தேதி மத்தியானம் 2 மணி வாக்குல சுமத்ரா பக்கம் 8.6 அளவுல ஒரு ஆட்டம். நமக்கெல்லாம் எச்சரிக்கை. மேட்டுக்கு ஓடுனோம். ரெண்டு மணி நேரம் கழிச்சு அதே பக்கத்துல இன்னொண்ணு, 8.2. அது பழைய சேதி திரும்ப வந்தது இல்லை, புது நிலநடுக்கம்! இடம் ஒண்ணு, நாள் ஒண்ணு, வார்த்தை ஒண்ணு, ஆனா சேதி வேற. "ஏற்கெனவே வந்ததுதானே"ன்னு ரெண்டாவதைத் தள்ளி விட்டவனை என்ன சொல்லுவே? நல்ல வேளை, அன்னிக்குப் பெரிய அலை வரலை, எச்சரிக்கையைத் திரும்ப வாங்கிட்டாங்க.

இதைத்தான் உனக்குச் சொல்ல வர்றேன். நீ ஒரே சேதியை அஞ்சு தடவை அனுப்பி, படிக்கிறவனுக்கு ஒரு பழக்கத்தை உண்டு பண்ற: உன் பேரைப் பார்த்ததும் தள்ளி விடுற பழக்கம். நாளைக்கு ஆறாவதா நீ அனுப்புறது நெசமாவே புதுசா இருக்கும். போட்டுல ஓட்டை, கால்வாயில தண்ணி வத்திருச்சு, சுண்ணாம்புக் குகை பார்க்கப் போன கூட்டம் நயா டேரா கரையில மாட்டிக்கிச்சுன்னு ஏதோ ஒண்ணு. எவன் படிப்பான்?

2025 அக்டோபர் 2ஆம் தேதி ஜார்வா கிரீக் பக்கம் நம்ம சேத்து எரிமலை டமார்னு வெடிச்சப்ப பார்த்தியே. இருபது வருஷம் கழிச்சு வாயைத் தொறந்துச்சு. அதுக்கு முந்தின மாசம்தான் பாரன் தீவு நெருப்பு கக்கி ஓய்ஞ்சிருந்துச்சு. ரெண்டையும் ஒண்ணாக் குழப்பி, அந்தத் தீவு நெருப்புப் படத்தை இந்த ஊர் பேரைப் போட்டுச் சுத்த விட்டுட்டாங்க. மெயின்லேண்ட்ல இருந்து சொந்தக்காரன் எல்லாம் போன் போட்டு, "மாமா, உயிரோட இருக்கீங்களா?"ங்கிறான். இங்க கொப்பளிச்சது சாம்பல் நிறச் சேறுய்யா, சட்டையில பட்டா உங்க அத்தை திட்டுவா, அதுக்கு மேல உயிரை எடுக்காது. ஒரே படம் பத்துக் குரூப்புல வந்ததும் "பத்துப் பேரு சொல்றாங்களே"ன்னு நம்பிட்டாங்க. பத்துப் பேரு சொல்லலை. ஒருத்தன் சொன்னான், ஒன்பது பேரு அதையே அடுத்தவனுக்குத் தள்ளி விட்டாங்க. இதுக்குத்தான் வாட்ஸ்அப்காரனே 2018ல இந்தியாவுல ஃபார்வர்டுக்கு அஞ்சு பேர்னு கடிவாளம் போட்டான். 2020ல, ரொம்பச் சுத்துன சேதின்னா ஒரு தடவைக்கு ஒரே இடம்னு இறுக்கினான். நீ அந்த ஒரு இடத்தை ஒவ்வொண்ணாத் தேடிப் போயி தள்ளுறே. உழைப்பாளிய்யா நீ!

மாமன் சொன்னா ஒரு தடவையாச்சும் கேளு. ஜெட்டி சேதின்னா மொத வரியில தேதி, மணி, எந்தக் கரை, அன்னிக்கு எத்தனையாவது சேதி. முதல் கான்வாய் 6 மணிக்கு ஜிர்காட்டாங்ல நகர்ந்ததும் டிரைவருக்கு ஒண்ணும் போய்ச் சேராது, அதனால அதுக்கு முன்னாடியே அனுப்பு. கடிகாரம் நின்னா நிக்கட்டும், கையைக் கட்டிக்கிட்டு உக்காரு. அவசரம்னா போன் போட்டுப் பேசு, அதுக்குத்தான் அது போன். நேரம் மாறுச்சுன்னா பழசை அழிச்சிட்டு "சேதி 2, முந்தினது செல்லாது"ன்னு போடு. வாங்குறவன் "கெடைச்சது"ன்னு ஒரு வார்த்தை போடணும்னு குரூப்புல நீயே சட்டம் போடு. ரோஜாப்பூ செல்லாதுன்னு அதுலயே எழுதிரு.

அப்புறம் அந்தக் குரூப்புப் பட்டியல். போட்டை வித்துட்டு ராமநாதபுரம் போய்ச் சேர்ந்தவன் அதுல இருக்கான், ஒரே ஆள் மூணு நம்பர்ல இருக்கான், போன வருஷம் வேலைக்குச் சேர்ந்த பையன் ஒரு நம்பர்லயும் இல்லை. ஏப்ரல், மே வந்தா ஒரு புயல் சீசன், அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் இன்னொண்ணு. அடுத்த சீசன் வர்றதுக்குள்ள உக்காந்து பட்டியலைத் திருத்திரு, அந்தப் பையனை மொதல்ல சேரு.