பொயிலர் அண்ணை

லண்டனில் ஹரோ, ஈஸ்ட்ஹாம், டூட்டிங் என்று நம்மவர்கள் கூடி வாழும் எந்தப் பகுதிக்குப் போனாலும் ஒரு பொயிலர் அண்ணை இருப்பார். பொயிலர் திருத்துவது அவருடைய தொழில் இல்லை. பகலில் கடைகளுக்குக் கணக்கெழுதுவார், அல்லது பெற்றோல் செட்டில் நிற்பார். ஆனாலும் நவம்பர் பிறந்துவிட்டால், எந்த வீட்டில் ஹீற்றர் நின்றாலும் முதலில் அடிப்பது அவருடைய போன்தான். காசு வாங்கமாட்டார். ஒரு பிளேன்ரீ போதும். விளக்கத்தை மட்டும் முழுதாகக் கேட்டே ஆகவேண்டும்.

அவர் இப்படி ஆனது வீட்டில் ஹீற்றரைக் கூட்டிக் குறைக்கும் ஸ்மார்ட் கருவி பூட்டிய பிறகுதான். முன்பு ஹீற்றரைக் குறைக்கச் சுவர்வரைக்கும் எழும்பிப் போகவேண்டும். இப்போது வேலைத்தளத்தில் இருந்தபடியே குறைக்கிறார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பட்டப்பகலில் செய்தி வரும்: "வீட்டில 21 காட்டுது. ஆர் கூட்டினது?" ஒருவரும் மூச்சு விடமாட்டார்கள். "ஸ்வெற்றரைப் போடுங்கோ" என்ற அடுத்த செய்தியோடு ஹீற்றர் நின்றுவிடும். குளிர் நாடுகளில் வீட்டுக்குள் குறைந்தது 18 பாகை இருக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் சொன்னது. அண்ணை அதை உச்சவரம்பாக எடுத்துக்கொண்டார்.

ஊரிலிருந்து வந்து நிற்கும் மாமிக்கு இந்த 18 எந்த மூலைக்கு? சுவர்க் கருவிக்குக் குளிர்ந்தால்தான் பொயிலர் எரியும் என்று பேரன் சொல்லிக்கொடுத்திருந்தான். ஃப்றீசரில் கிடந்த முருங்கைக்காய்ப் பக்கற்றை எடுத்துவந்து கருவியின் மேல் பிடித்தார். பாகை கிடுகிடுவென்று இறங்கியது. இந்தக் கருவிகளில் சில, பாகை திடீரென்று விழுந்தால் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டார்கள் என்று முடிவுகட்டி ஹீற்றரையே நிறுத்திவிடும். நிறுத்தியது. போனிலும் கோள்மூட்டியது.

"மாமி, ஜன்னலை ஆர் திறந்தது?"

"ஒருத்தரும் திறக்கேல்லைத் தம்பி. இரவைக்கு முருங்கைக்காய்க் கறி வைக்கப்போறன். நீங்கள் வேளைக்கு வாங்கோ."

பிறந்தநாள் விழாவுக்குப் போனாலும் அவர் கை சும்மா இராது. கேக் வெட்டும்போது ஆளைக் காணோம் என்று தேடினால், சமையலறை அலுமாரிக்குள் தலையைவிட்டு, ரேடியேற்றருக்குப் போகும் தண்ணீரின் சூட்டை 80இலிருந்து 60க்குக் குறைத்துக்கொண்டு நிற்பார். திரும்பிவரும் தண்ணீர் 55 பாகைக்குக் கீழே இருந்தால்தான், புகையோடு வீணாகும் சூட்டை இந்தக் காலத்துப் பொயிலர் சரியாகப் பிடித்தெடுக்கும் என்பார். சொல்வது உண்மை. வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஆனால் அவருடைய முழு மகிமையையும் பார்க்க, ஹீற்றர் நின்ற வீட்டுக்கு அவரோடு போகவேண்டும்.

"அண்ணை, ஹீற்றர் வேலை செய்யேல்லை."

"வைஃபை எது? 2.4ஓ, 5ஓ?"

பல்லுக் கிட்டுகிறவனிடம் கேட்கிற கேள்வி இது. வந்ததும் ரூட்டரை நிறுத்தி 30 விநாடி எண்ணுவார். செயலியை அழித்துத் திரும்பப் போடுவார். அது கடவுச்சொல் கேட்கும். கணக்கு, பல்கலைக்கழகத்துக்குப் போன மகளின் மின்னஞ்சலில் இருக்கும். மகள் விரிவுரையில் இருப்பாள். அதுவரை கோட்டோடு நிற்கும் சபைக்கு வகுப்பு நடக்கும்: சுவர்க் கருவி றேடியோ அலையில் பொயிலருக்குப் பக்கத்திலுள்ள றிசீவரோடு பேசுகிறது, றிசீவர்தான் பொயிலரை எரியச் சொல்கிறது, இணையம் போனுக்காக மட்டுமே, அது அறுந்தாலும் கையால் கூட்டினால் எரியவேண்டும். அப்படியென்றால் ரூட்டரில் ஏன் தொடங்கினீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. வயதுக்கு மரியாதை.

ரீ போட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரிதான் அலுமாரிக் கதவைத் திறந்து பார்த்துக் கேட்டார்: "அண்ணை, இந்த முள்ளு பூச்சியத்துக்குக் கிட்ட நிக்குது. அப்பிடி நிக்கலாமோ?"

நிற்கக்கூடாது. பொயிலர் ஆறியிருக்கும்போது அழுத்தம் காட்டும் அந்த முள் 1க்கும் 1.5 பாருக்கும் இடையில் நிற்கவேண்டும். அழுத்தம் அவ்வளவு இறங்கினால் பொயிலர் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். எந்த ஸ்மார்ட் கருவி ஆணையிட்டாலும் அசையாது. எப்படி இறங்கியது? போன ஞாயிறு ரேடியேற்றர்களில் காற்றெடுத்தவர் யார்? அண்ணைதான். காற்றெடுத்தால் அழுத்தம் குறையும், பிறகு தண்ணீர் ஏற்றவேண்டும். அந்த நேரம் பார்த்து ஆட்டிறைச்சிக் கறி மேசைக்கு வந்துவிட்டது.

ஒன்றும் பேசாமல் குனிந்து, பொயிலருக்கு அடியிலுள்ள வெள்ளிப் பின்னல் குழாயின் திருகைத் திறந்தார். தண்ணீர் சீறியது. முள் 1.2க்கு வந்ததும் மூடி, றீசெற் பொத்தானை அழுத்தினார். பொயிலர் ஒருமுறை செருமிவிட்டு எரிந்தது.

"பாத்தீங்களோ, வைஃபையைச் சரிப்படுத்தினதும் எரியுது!"

பகிடி ஒருபக்கம் இருக்கட்டும். உறைபனிக் காலையில் பொயிலர் களகளவென்று கொப்பளித்துவிட்டு நின்றால், சாரத்துக்கு மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடிவந்து, வெளிச்சுவரில் உறைந்த கழிவுநீர்க் குழாய்க்கு இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றுகிறவர் அவர்தான். கொதிநீர் ஊற்றப்போகிறவர்களைத் தடுப்பதும் அவர்தான். பொயிலரின் மூடியில் மட்டும் கைவைக்கமாட்டார். காஸ் வேலைக்கான 'காஸ் சேஃப்' பதிவுள்ளவர்தான் அதைத் தொடலாம் என்று கண்டிப்பாகச் சொல்வார். எந்தெந்த வேலைக்குத் தகுதி என்பது அந்தப் பதிவு அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும், அதையும் திருப்பிப் பார்க்கச் சொல்வார்.

உங்கள் தெரு அண்ணையை அழைக்குமுன் முள்ளையும் சுவர்க் கருவியின் பற்றரியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒரு மணிநேர வகுப்பு மிச்சம். காஸ் மணம் வந்தால் மட்டும் அவரைத் தேடவேண்டாம். வீட்டைவிட்டு வெளியே வந்து காஸ் அவசர இலக்கமான 0800 111 999க்கு அடியுங்கள். தனக்கு முதலில் சொல்லவில்லை என்று அண்ணை கோபித்துக்கொள்வார். கோபிக்கட்டும்.