வானத்துக்கு ஃபிளாஷ் அடிக்காதீர்!

(கேள்வி – பதில்)

அரோரா எனும் துருவ ஒளியைப் படம் பிடிக்கக் கிளம்பும் வாசகர்களின் கேள்விகள் மேசையில் குவிந்துவிட்டன. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அலுவலகத்தில் பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று லீவு எழுதிக் கொடுத்தவர்களாம். ஆகவே ஊர் மட்டும்.

கே: கேமரா வாங்கி ஒரு மாதம் ஆகிறது. நார்வே போய் அரோராவைப் படம் எடுக்க ஆசை. அடுத்து என்ன வாங்கலாம்? (ஈரோடு)

ப: கம்பளிக் காலுறை. கிண்டல் இல்லை. ட்ரொம்சோவில் நடுராத்திரியில் பனி மேல் மணிக்கணக்காக நிற்கப்போவது நீங்கள். கால் விறைத்தவன் ஃபோகஸ் பார்ப்பதில்லை. வண்டியில் ஹீட்டர் ஓடுகிறதா என்றுதான் பார்ப்பான். அடுத்து, காற்றுக்கு ஆடாத கனமான ட்ரைபாட். ஷட்டர் பல விநாடி திறந்திருக்கும். அத்தனை நேரம் ஆடாத கை யாருக்கும் கிடையாது. பணம் மிச்சமிருந்தால் எஃப் 2.8 வரை திறக்கும் அகலக்கோண லென்ஸ், 14-லிருந்து 24 மி.மீ.க்குள். இல்லாவிட்டால் கேமராவோடு வந்த 18-55 லென்ஸே போதும். 18-ல் வைத்தால் எஃப் 3.5 வரை திறக்கும். புது பாடி தேவையே இல்லை. கடைக்காரர் வருத்தப்படுவார், பரவாயில்லை.

கே: எல்லாரும் 'மேனுவல் மோட்' என்கிறார்கள். நான் ஆட்டோவைத் தாண்டியதே இல்லை. எண்களை மட்டும் சொல்லிவிடுங்கள், மனப்பாடம் செய்துகொள்கிறேன். (விருதுநகர்)

ப: எழுதிக்கொள்ளுங்கள். லென்ஸை முழுக்கத் திறந்துவிடுங்கள். ஐஎஸ்ஓ 1600; தேவைப்பட்டால் 3200. ஷட்டர் 5 விநாடி. ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் படத்துக்குப் படம் நிறம் மாறும். 3500-லிருந்து 4000 கெல்வினுக்குள் ஓரிடத்தில் நிறுத்திவிடுங்கள். ஜேபெக் வேண்டாம், 'ரா'வில் எடுங்கள்.

இனி மனப்பாடம் உதவாத பகுதி. அரோரா ஒரே வேகத்தில் நகர்வதில்லை. வடக்கு அடிவானத்தில் வளைவாகச் சோம்பிக் கிடக்கும்போது 8 விநாடி, 10 விநாடி, ஏன் 15 கூடக் கொடுக்கலாம். திடீரென்று கிளர்ந்து, தலைக்கு மேல் திரைச்சீலை மடிப்புகளாக ஓட ஆரம்பித்தால், அதே 10 விநாடியில் உங்களுக்குக் கிடைப்பது ஒரு பச்சைக் கறை. மடிப்பு வேண்டுமானால் ஷட்டரை 1-லிருந்து 3 விநாடிக்குள் இறக்குங்கள். குறையும் வெளிச்சத்தை ஐஎஸ்ஓவை ஏற்றிச் சரிக்கட்டுங்கள். இந்த உச்சம் பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். அந்த நேரத்தில் மெனுவுக்குள் தேடிக்கொண்டிருந்தால் கதை முடிந்தது. ஆகவே ஷட்டர், ஐஎஸ்ஓ இரண்டின் பொத்தான்களும் இருட்டில், கையுறையோடு, விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பயணத்துக்கு முன்பே வீட்டு மொட்டை மாடியில் விளக்கை அணைத்துவிட்டுப் பழகுங்கள்.

இன்னும் இரண்டு. 'லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன்' என்று ஒன்று இருக்கும், அணைத்துவிடுங்கள். 5 விநாடிப் படம் எடுத்ததும் கேமரா இன்னொரு 5 விநாடி கண்ணை மூடிக்கொண்டு இருட்டைப் படம் எடுக்கும். பாதி அரோரா அதில் போய்விடும். இரண்டாவது, கேமராத் திரை. கும்மிருட்டில் அது வெளிச்சமாகத் தெரிவதால் எல்லாப் படமும் அற்புதமாக இருக்கும். ஊர் வந்து பார்த்தால் எல்லாம் கறுப்பு. திரையின் பிரகாசத்தைக் குறைத்துவிட்டு, ஹிஸ்டோகிராமைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அந்த வரைபடம் முழுக்க இடது சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தால் வெளிச்சம் போதவில்லை.

கே: ஐஸ்லாந்து போய் வந்தோம். வானம் முழுக்கக் கூத்துதான். ஆனால் படத்தில் நட்சத்திரமெல்லாம் ஊதிப்போய் இருக்கிறது. (சேலம்)

ப: நட்சத்திரங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இருட்டில் ஆட்டோஃபோகஸ் குருடு. நீங்கள் அதன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறீர்கள். லென்ஸை மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றுங்கள். லைவ் வியூவில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை 10 மடங்கு பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும்வரை வளையத்தைத் திருகுங்கள். கடைசிவரை திருகினால் 'முடிவிலி' வந்துவிடும் என்று நம்பாதீர்கள். பல லென்ஸ்கள் அதையும் தாண்டிப் போகும். புள்ளி கிடைத்ததும் வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப். ஜூம் செய்தாலும், குளிர் ஏறினாலும் மறுபடி பாருங்கள். ட்ரைபாடில் இருக்கும்போது லென்ஸின் ஸ்டெபிலைசேஷனை அணையுங்கள். 2 விநாடி டைமரில் எடுங்கள், விரல் அதிர்வும் போகும்.

கே: செல்போனில் வருமா? (திண்டுக்கல்)

ப: வரும், ட்ரைபாடில் வைத்தால். நைட் மோடில் 3-லிருந்து 10 விநாடி கொடுத்துப் பாருங்கள். சில போன்களில் நட்சத்திரத்துக்கென்று நிமிடக்கணக்கில் வெளிச்சம் சேர்க்கும் மோட் இருக்கிறது. அது அரோராவுக்கு ஆகாது, எல்லாவற்றையும் கலக்கிவிடும். செல்ஃபி கேமரா வேண்டவே வேண்டாம்.

கே: என் மைத்துனர் ஃபின்லாந்திலிருந்து அனுப்பிய படத்தில் வானம் கிளிப்பச்சை. நேரில் என்ன தெரிந்தது என்று குடைந்து கேட்டால், "வெளிறிய மேகம் மாதிரி" என்கிறார். இது மோசடி இல்லையா? (கும்பகோணம்)

ப: மைத்துனர் மீது வேறு புகார்கள் இருந்தால் தனியாக எழுதுங்கள். இந்த விஷயத்தில் அவர் நிரபராதி.

பச்சை உண்மையிலேயே அங்கே இருக்கிறது. தரையிலிருந்து 100, 150 கி.மீ. உயரத்தில் ஆக்சிஜன் அணுக்கள் வெளிவிடும் ஒளி அது, அலைநீளம் 557.7 நானோமீட்டர். குறை நம் கண்ணில். மங்கிய வெளிச்சத்தில் வேலை பார்க்கும் குச்சி செல்களுக்கு நிறம் தெரியாது; நிறம் அறியும் கூம்பு செல்களுக்கு அந்த வெளிச்சம் பற்றாது. கேமராவோ 5 விநாடி வெளிச்சத்தைச் சேர்த்து வைத்துக் காட்டுகிறது. அரோரா பலமாக இருந்தால் கண்ணுக்கே பச்சை தெரியும். கீழ் ஓரத்தில் நைட்ரஜன் தரும் இளஞ்சிவப்பும் சில சமயம் தெரியும். அதற்கும் கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடமாவது ஆகும். இடையில் வாட்ஸ்அப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து.

சிவப்பின் சங்கதி இன்னும் சுவாரசியம். அதுவும் ஆக்சிஜன்தான், ஆனால் 200 கி.மீ.க்கு மேலே. கிளர்ச்சியுற்ற அணு பச்சையை ஒரு விநாடிக்குள் உமிழ்ந்துவிடும்; சிவப்பை உமிழ ஏறக்குறைய இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளும். கீழே காற்று நெரிசல்; அத்தனை நேரம் யார் மீதும் மோதாமல் இருக்க முடியாது, சக்தி வேறு வழியில் போய்விடும். மேலே கூட்டமில்லை, நிதானமாகச் சிவக்கலாம். நம் கண்ணுக்கு அந்தச் சிவப்பு எளிதில் பிடிபடுவதில்லை. 2024 மே 10 இரவு வீசிய பெரும் சூரியப் புயலின்போது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலர் வானத்தில் சாம்பல் மூட்டத்தைத்தான் பார்த்தார்கள். போனைத் தூக்கிய பிறகுதான் அது ரோஜா நிறம் என்று தெரிந்தது.

மோசடி எங்கே ஆரம்பிக்கிறது என்றால், வீட்டுக்கு வந்து கணினியில் 'சாச்சுரேஷன்' கம்பியை வலதுகோடிக்கு இழுக்கும்போது. மலைமேல் கிடக்கும் பனியும் பச்சையாக ஒளிர ஆரம்பித்தால் போலீஸைக் கூப்பிடலாம்.

கே: டிசம்பரில் பள்ளி விடுமுறை. அப்போது போகலாமா? (தஞ்சாவூர்)

ப: போகலாம், ஆனால் நான் போகமாட்டேன். ட்ரொம்சோவில் நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதிவரை சூரியன் எழுவதே இல்லை என்பதால் இருட்டுக்குப் பஞ்சமில்லை. கடலோரத்தில் மேகத்துக்கும் பஞ்சமில்லை. என் ஓட்டு செப்டம்பருக்கும் மார்ச்சுக்கும். பகலும் இரவும் சமமாகும் அந்தக் காலங்களில், சூரியக் காற்றின் காந்தப்புலம் பூமியின் காந்தப்புலத்தோடு இசைந்து கோத்துக்கொள்ள வாகான சாய்வு அமைகிறது. இதை 1973-ல் ரஸல், மெக்ஃபெரான் என்ற இருவர் விளக்கினார்கள். செப்டம்பரில் ஏரிகளும் உறைந்திருக்காது. ஒரே அரோரா தண்ணீரிலும் விழுந்து இரண்டாகக் கிடைக்கும்.

நிலாவைக் கண்டு பயப்படாதீர்கள். பௌர்ணமி மங்கலான அரோராவை விழுங்கும், உண்மை. ஆனால் கால்வாசி நிலா, பனிமலைகளைக் கறுப்புக் குவியலாக விடாமல் உருவம் கொடுக்கும். ஜூன், ஜூலையில் மலிவு டிக்கெட் கிடைத்தது என்று கிளம்பிவிடாதீர்கள். அங்கே நள்ளிரவிலும் வெயில்.

கே: ஸ்வீடனில் அபிஸ்கோவில் இருக்கிறேன். ஆப்பில் கேபி 2 என்று காட்டுகிறது. 9 வரை இருக்கிறதாமே? பணம் போச்சா? (சென்னை)

ப: போகவில்லை. ஆப்பை மூடிவிட்டுக் கதவைத் திறங்கள். கேபி என்பது உலகம் முழுவதும் காந்தப்புலம் எவ்வளவு ஆடியது என்பதன் மூன்று மணி நேரக் கணக்கு. அது கூடினால், துருவத்தைச் சுற்றியுள்ள அரோரா வளையம் தெற்கே விரியும். நீங்களோ அந்த வளையத்துக்கு நேர் கீழேயே நிற்கிறீர்கள், 2 தாராளம்.

நீங்கள் பார்க்க வேண்டியது மேக வரைபடம். அரோரா மேகத்துக்கு நூறு கி.மீ. மேலே ஆடுகிறது, மேகம் மூடினால் கேபி 9 வந்தும் பயனில்லை. அபிஸ்கோவுக்கு மேற்கிலுள்ள மலைகள் கடல் ஈரத்தைத் தடுத்துவிடுவதால் டோர்னெட்ரெஸ்க் ஏரிக்கு மேலே வானம் அடிக்கடி வெளுத்துக் கிடக்கும். ட்ரொம்சோ வழிகாட்டிகள் இரவோடு இரவாக ஃபின்லாந்து எல்லைவரை வண்டி ஓட்டுவதும் இந்தத் தெளிந்த வானத்துக்காகத்தான்.

எண் பார்த்தே தீரவேண்டும் என்றால் 'பிஇசட்' பாருங்கள். சூரியக் காற்றின் காந்தப்புலம் வடக்கே சாய்கிறதா, தெற்கே சாய்கிறதா என்று காட்டும் எண் அது; மைனஸ் என்றால் தெற்கு. பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தள்ளி, எல்-1 என்ற இடத்தில் நிற்கும் விண்கலங்கள் சூரியக் காற்றை முன்கூட்டியே அளக்கின்றன. நம் ஆதித்யா எல்-1 கலமும் 2024 ஜனவரியிலிருந்து அந்தப் பக்கம்தான் இருக்கிறது. பிஇசட் மைனஸில் இறங்கி அங்கேயே நின்றால், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஷூ மாட்டிக்கொண்டு வெளியே இருக்க வேண்டும்.

கே: லென்ஸைப் பாதுகாக்க யூவி ஃபில்டர் போட்டுத்தான் எடுத்தேன். படத்தின் நடுவில் வளையம் வளையமாக இருக்கிறதே, வேற்றுக்கிரகவாசிகளா? (நாகர்கோவில்)

ப: ஃபில்டர்தான். அரோராவின் பச்சை ஒற்றை அலைநீள ஒளி. தட்டையான கண்ணாடியின் இரு பக்கமும் பட்டுத் திரும்பித் தன்னோடு தானே மோதி வளையம் போடுகிறது. கழற்றிவிடுங்கள்.

கே: குளிரில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுமாமே? (மதுரை)

ப: ஆமாம். உபரி பேட்டரியைச் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். செத்துவிட்டது என்று நினைத்ததையும் சற்றுச் சூடேற்றினால் இன்னும் சில படம் தரும். அதைவிடப் பெரிய ஆபத்து அறைக்குத் திரும்பும்போது வருகிறது. சில்லிட்ட கேமரா சூடான அறைக்குள் நுழைந்ததும் லென்ஸின் உள்ளேயும் வெளியேயும் நீர் கோத்துக்கொள்ளும். வெளியிலேயே ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, உள்ளே கொண்டுவந்து, அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்காதீர்கள். படம் பார்க்கும் அவசரத்துக்கு மெமரி கார்டை முன்பே உருவிக்கொள்ளுங்கள்.

கே: என் மனைவிக்கு அரோராவுக்குக் கீழே நிற்கும் படம் வேண்டுமாம். ஃபிளாஷ் போடலாமா? (பொள்ளாச்சி)

ப: அரோரா வரை உங்கள் ஃபிளாஷ் எட்டாது, பக்கத்தில் ட்ரைபாட் வைத்திருப்பவர்களின் படத்தைக் கெடுக்கும் அளவுக்கு மட்டும் எட்டும். மனைவியை 3, 4 விநாடி அசையாமல் நிற்கச் சொல்லுங்கள். முகம் தெரிய வேண்டுமானால் டார்ச்சைப் பனியில் அடித்து, தெறிக்கும் மங்கிய வெளிச்சத்தில் ஒரு கணம் காட்டினால் போதும். உங்கள் தலைவிளக்கு சிவப்பில் இருக்கட்டும். அசையாமல் நிற்கச் சொல்லும் தைரியம் உங்களுடையது.

கே: அரோராவை முதலில் படம் எடுத்தவர் யார்? (புதுச்சேரி)

ப: முதலில் எடுக்கத் தோற்றவரைச் சொல்கிறேன். சோபஸ் ட்ரொம்ஹோல்ட் என்ற டென்மார்க்காரர் 1882-83 குளிர்காலம் முழுக்க நார்வேயின் கௌட்டோகெய்னோவில் தங்கி முயன்றார். அன்றைய கண்ணாடித் தட்டுகளுக்கு அந்த மங்கிய ஒளி உறைக்கவேயில்லை. கையிலிருந்த கேமராவைச் சும்மா வைத்திருக்காமல், அங்கு வாழும் சாமி இன மக்களை மரியாதையோடு, முகம் முகமாகப் படம் எடுத்தார். இன்று அவரை உலகம் நினைப்பது அந்தப் படங்களுக்காகத்தான். யுனெஸ்கோவின் 'உலக நினைவகப்' பட்டியலில் அவை இருக்கின்றன.

1892-ல் ஜெர்மானியரான மார்ட்டின் பிரெண்டல், நார்வேயில் ஆல்ட்டாவை ஒட்டிய போசெகோப்பில் மங்கலாக ஒரு படம் பிடித்தார். 1910-ல் அதே ஊருக்கு வந்த கார்ல் ஸ்டோர்மர், தொலைபேசியால் இணைத்த இரண்டு இடங்களிலிருந்து ஒரே கணத்தில் படமெடுத்து, நட்சத்திரங்களின் பின்னணியில் அரோரா எவ்வளவு விலகித் தெரிகிறது என்று பார்த்து உயரத்தைக் கணக்கிட்டார். கணிதவியலாளர். மாணவப் பருவத்தில் சட்டைக்குள் உளவுக் கேமராவை ஒளித்துக்கொண்டு ஒஸ்லோ வீதியில் போகிறவர் வருகிறவரையெல்லாம் படமெடுத்தவரும் இவரே. நாடகாசிரியர் இப்சனும் அதில் சிக்கினார்.

கே: அண்ணை, ஒஸ்லோவுக்கு வந்து கனகாலம். ஊரிலை எல்லாரும் "ஒவ்வொரு நாளும் பாக்கிறனியளோ" எண்டு கேக்கினம். நான் ஒருக்காத்தான் பாத்தனான். என்ன சொல்லுறது? (ஒஸ்லோ)

ப: உண்மையைச் சொல்லுங்கள் தம்பி. ஒஸ்லோ இருப்பது வட அட்சரேகை 60 டிகிரியில், ட்ரொம்சோ கிட்டத்தட்ட 70 டிகிரியில். நடுவே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். உங்களுக்குப் பலத்த புயல் வேண்டும், நகர விளக்கிலிருந்து தப்பவும் வேண்டும். வடகோடி ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த ஈழத் தமிழர் உங்களுக்குத் தெரிந்தவர்களில் யாராவது இருப்பார்கள். அவர்களைக் கேளுங்கள், குளிர்கால ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்பும் வழியில் பார்த்த கதைகள் இருக்கும்.

கே: கொடைக்கானலிலிருந்து என்றாவது தெரியுமா? (பழனி)

ப: நம்பி லாட்ஜ் போடாதீர்கள். ஆனால் இந்தியாவுக்கே வராது என்றும் சொல்லமுடியாது. 1872 பிப்ரவரி 4 இரவு பம்பாயில் பார்த்ததாகப் பதிவு உண்டு. 2024 மே புயலின்போது லடாக்கின் ஹன்லேயில் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் கேமராக்களில் அடிவானச் சிவப்பு பதிவானது. கொடைக்கானல் வானாய்வகமும் அதே நிறுவனத்தினுடையதுதான். அங்கே பார்ப்பது விளைவை அல்ல, காரணத்தை. நூறாண்டுக்கு மேலாகச் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். அதற்கு இருட்டு தேவையில்லை.

கே: வாடகைக் கார் எடுத்து நாமே ஓட்டிப் போவதா, டூரில் சேர்வதா? (திருப்பூர்)

ப: முதல் தடவை டூர். பனிச் சாலையில் ஓட்டிப் பழக்கமில்லாதவர் வானத்தையும் பார்த்துக்கொண்டு ஓட்டுவது இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலை. கார்தான் என்று பிடிவாதமாக இருந்தால், ஓட்டுகிறவர் மேலே பார்க்கக் கூடாது. பச்சை தெரிந்த இடத்திலேயே சாலையில் நிறுத்திவிட்டு விளக்கை அணைக்கவும் கூடாது. பின்னால் வருகிற லாரிக்காரர் தினமும் அரோரா பார்ப்பவர், உங்களைத் தேடமாட்டார். பார்க்கிங் வரும்வரை ஓட்டுங்கள்.