குழிப்பணியாரத்தின் மணவாழ்க்கை: யாங்கோனிலிருந்து ஓர் ஆய்வு

யாங்கோன் நடைபாதைகளில் ஒரு பலகாரம் விற்கும். குழிகள் நிறைந்த பெரிய கல், அதில் அரிசிமாவு. ஒரு குழியில் வெங்காயத்தாளும் வெந்த கடலையும், இன்னொன்றில் காடை முட்டை. வெந்ததும் இரண்டு பாதியைக் கிளப்பி, முகத்தோடு முகம் ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். பெயர் மோன் லின்மயா. மோன் என்றால் மாப்பலகாரம், லின் கணவன், மயா மனைவி.

இது நம் குழிப்பணியாரம்தானா என்பதே ஆய்வுப் பொருள். ஆய்வாளரின் தகுதி, நாற்பதாண்டுகளாக இரண்டையும் தின்று வருவது.

வரலாற்றிலிருந்து தொடங்குவோம். 1852 போருக்குப் பின் கீழ்ப் பர்மா வெள்ளைக்காரன் வசமானது. நகரத்தார் வட்டிக்கடையோடு வந்தார்கள். இன்று ஷ்வே பொந்தா எனப்படும் அன்றைய மொகல் தெருதான் அவர்கள் புழங்கிய இடம். கொண்டுவிக்க வந்த ஏஜெண்டுக்கு மூன்று வருஷத் தவணை. ஆச்சி காரைக்குடிப் பக்கம் வளவு வீட்டில். இவர் ரங்கூன் கிட்டங்கியில், பெட்டகத்துக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்திருப்பார். சமைப்பவரும் ஆண், சாப்பிடுபவரும் ஆண். தொல்காப்பியர் பொருள்வயிற் பிரிவு என்று வகுத்ததற்கு இதைவிடத் துல்லியமான உரை கிடையாது. ஆகவே என் கருதுகோள்: ஊர்க் கடுதாசி வராத ஏதோ ஒரு மாலையில், கிட்டங்கிச் சமையல்காரர் தனித்தனிப் பணியாரங்களைப் பார்க்கச் சகிக்காமல் இரண்டை ஒட்டவைத்தார். ஆவணம் இல்லை. உணர்ச்சி இருக்கிறது.

எதிர்த்தரப்பு, தாய்லாந்தின் கனோம் க்ரோக்கும் இரண்டு பாதி ஒட்டியதுதானே என்கிறது. ஆந்திரத்துப் பொங்கனாலு, கன்னடத்துப் பட்டு, ஜப்பானின் தாகோயாகி, டென்மார்க்கின் ஏப்லெஸ்கீவர் என்று குழிகளை அடுக்கிக்கொண்டே போகிறது. டென்மார்க்கில் செட்டியார் கடை இருந்ததா என்று இன்னும் யாரும் ஒழுங்காகத் தேடவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பண்டமாற்று இருவழியிலும் நடந்தது. செட்டிநாட்டு விருந்தில் வரும் கவுனி அரிசி இங்கிருந்து போனது. அங்கிருந்து வந்த தோசை இங்கே தோஷே. பர்மிய எழுத்தில் அதைப் பிரித்தால் குட்டை, நீளம் என்று இரு சொல். வார்க்கிறவர் கைக்கு ஏற்ற பெயர்.

இனி சோதனை. பச்சரிசியும் புழுங்கலரிசியும் ஆளுக்கு ஒரு டம்ளர், அரை டம்ளர் உளுந்து, ஒரு கரண்டி வெந்தயம். நாலு மணி நேரம் ஊறி, அரைபட்டு, இரவு முழுக்கப் புளித்தது. கடுகு, பச்சைமிளகாய், வெங்காயம் தாளித்துக் கொட்டிக் குழியில் ஊற்றினேன். முறைப்படி கம்பியால் திருப்பாமல், அடி சிவந்து மேல் ஈரமாக இருக்கும்போதே ஒன்றைத் தூக்கி இன்னொன்றின்மேல் கவிழ்த்தேன். ஒட்டிக்கொண்டது. பர்மியர் மாவை இப்படிப் புளிக்க வைப்பதில்லை. ஆனாலும் ஒட்டியது ஒட்டியதுதான்.

“என்னங்க, ஒட்டிவச்சா சட்னி எங்க தொடுறது?” என்றாள் மனைவி. இக்கேள்வி ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

ஒன்றை மட்டும் பதிவுசெய்தாக வேண்டும். எங்கள் வீட்டுக் கல், பாட்டி கப்பலில் கொண்டுவந்தது. சுற்றி ஆறு, நடுவில் ஒன்று, ஆகக் குழி ஏழு. எத்தனை முறை ஊற்றினாலும் நடுக்குழிக்காரருக்கு ஜோடி அமையவில்லை.